பத்து நிமிடச் சத்தம்

சுலோச்சனா கார் ஓட்டும் சோதனையில் இரண்டாம் தடவையில் தேறியது 1988 ஒக்ரோபரில். அடுத்த மாதமே வீட்டுக் கார் சத்தம் போடத் தொடங்கிவிட்டது. காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்தால் எஞ்சினுக்குள் யாரோ விரலால் சுண்டுவதுபோல டிக், டிக் என்று கேட்கும். பத்து நிமிடத்தில் எஞ்சின் சூடானதும் நின்றுவிடும்.

அவளுடைய கணவன் குருமூர்த்தி இரண்டு முறை காரைக் கராஜுக்குக் கொண்டுபோனான். சட்டன் என்ற இடத்தில் அவர்கள் இருந்த பிளாட்டிலிருந்து கராஜுக்குக் கால்மணி நேர ஓட்டம். போய்ச் சேரும்போது சத்தம் இருக்காது. ஓர் இரவு விட்டுவிட்டுப் போங்கள், காலையில் குளிரோடு பார்க்கிறோம் என்றார்கள். அவன் விடவில்லை.

“எஞ்சின் கடைசி மூச்சு வாங்குது. நீர் தனியக் கொண்டுபோய் நடு றோட்டில நிண்டிட்டால் என்ன செய்வீர்?” என்றான் அவளிடம்.

குருமூர்த்தி கத்துகிற ஆளில்லை. கதவைப் பூட்டியதும் இல்லை. கார்த் திறப்பு வாசலுக்குப் பக்கத்தில் ஆணியில்தான் தொங்கியது. ஆனால் சனிக்கிழமை டூட்டிங் கடைத்தெருவில் மரக்கறி வாங்குவதற்கும், ஞாயிறு கோயிலுக்கும், வியாழன் பின்னேரம் ஆங்கில வகுப்புக்கும் அவன்தான் அவளை ஏற்றி இறக்கினான். மற்ற நாட்களில் அவள் மூன்றாம் மாடி ஜன்னலில் நின்று கார் தரிப்பிடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நகரத்தின் மறுகோடியில் அப்டன் பார்க்கில் இருக்கும் தங்கை தவநாயகிக்குப் பிள்ளை பிறந்து ஐந்து மாதம். சுலோச்சனா இன்னும் முகம் பார்க்கவில்லை. எப்போது கேட்டாலும் வாற கிழமை பார்ப்போம் என்பான். ரயிலில் போகிறேன் என்றால், மூன்று இடத்தில் மாறவேண்டும், துலைந்துபோவீர் என்பான். கேட்டுக் கேட்டு அவளுக்கே ஒரு பயம் பிடித்துவிட்டது. தெருமுனைக் கடைக்குப் போனாலும் திரும்பும் வழியை மனதுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

ஜனவரியில் ஒரு வியாழன் ஆங்கில ஆசிரியை வரவில்லை. குருமூர்த்தி எட்டு மணிக்குத்தான் அவளை ஏற்ற வருவான். கட்டடத்தை விட்டு வெளியே போகத் துணிவில்லாமல் நடையில் நின்றவளுக்குப் பக்கத்து அறைக் கதவில் ஒட்டியிருந்த தாள் கண்ணில் பட்டது. பெண்களுக்கான கார் பழுதுபார்க்கும் வகுப்பு. உள்ளே ஒரு ஐரிஷ் பெண்மணி முழங்கைவரை கறுப்பு எண்ணெயோடு நின்றாள். சுலோச்சனா அடுத்த வியாழனும் அந்த அறைக்கே போனாள். வீட்டில் சொல்லவில்லை.

மூன்றாம் வாரம் தன் காரின் சத்தத்தைப் பற்றிக் கேட்டாள். அந்தப் பெண்மணி விளக்கினாள். இரவில் எண்ணெய் கீழே வடிந்துவிடுவதால் வால்வுகள் தட்டுவதென்றால், எண்ணெய் மேலே ஏறியதும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். பத்து நிமிடம் நீடித்து, அக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் கூடினால், அநேகமாகப் புகை வெளியேறும் குழாய் எஞ்சினோடு சேருகிற இடத்தில் ஒழுக்கு. இரும்பு சூடாகி விரியும்போது அந்த இடைவெளி தானாக மூடிக்கொள்ளும்.

செவ்வாய்க்கிழமை குருமூர்த்தி வேலைக்கு பஸ் ஏறியதும் சுலோச்சனா ஆணியிலிருந்து திறப்பை எடுத்தாள். பொனட்டைத் திறந்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ரப்பர்க் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து மறுநுனியை இடம் இடமாக நகர்த்தினாள். வால்வு மூடியில் மெல்லிய சத்தம்தான். புகைக்குழாய் சேருமிடத்தில் காதை அடிப்பதுபோல் கேட்டது. அங்கே கரி படிந்திருந்தது. இரண்டு நட்டுகள் தளர்ந்து, நடுவில் ஒழுக்கை அடைக்க வைத்திருந்த கஸ்கட் தகடு எரிந்துபோயிருந்தது.

புதுக் கஸ்கட்டை உதிரிப்பாகக் கடையில் வாங்கினாள். துருப்பிடித்த நட்டுகளுக்கு எண்ணெய் அடித்து ஒரு நாள் ஊறவிட்டாள். வகுப்பில் இரவல் வாங்கிய ஸ்பனர்களோடு அடுத்த வெள்ளி காலை இறங்கினாள். ஐந்து நட்டுகள் கழன்றன. ஆறாவது அசையவில்லை. அது முறிந்தால் கார் அப்படியே நிற்கும், அவன் வந்து பார்ப்பான். மழை தூறியது. இறுக்குவதும் தளர்த்துவதுமாக, மயிரிழை மயிரிழையாக ஒரு மணி நேரம் பாடுபட்டாள். கடைசியில் அது கிறீச்சிட்டுக் கழன்றபோது தரையில் குந்தியிருந்து அழுதுவிட்டாள். பின்னேரம் மூன்று மணிக்கு எல்லாம் திரும்பப் பொருத்தியாயிற்று.

சனிக்கிழமை காலை குருமூர்த்தி காரை ஸ்டார்ட் செய்தான். சத்தம் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.

“கஸ்கட் எரிஞ்சிருந்தது. நான் மாத்திட்டன்” என்றாள் சுலோச்சனா.

அவன் அவளுடைய கைகளைப் பார்த்தான். நகக்கண்களில் கறுப்பு இன்னும் போகவில்லை.

“எண்டாலும் பழைய கார்தானே. வேறை ஏதும் போகும்” என்றான் மெதுவாக.

“வேறை ஒண்டும் போகாட்டில்?”

அவன் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சொன்னான். “நீர் உம்மடை பாட்டில போய்வரத் தொடங்கினால், பிறகு நான் இஞ்சை என்னத்துக்கு?”

அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. ஆனால் அந்த இரக்கத்தையே காரணமாக வைத்துக்கொண்டு ஜன்னலில் இன்னும் எத்தனை வருடம் நிற்பது?

திங்கட்கிழமை அவன் போனபின் வரைபடத்தைப் பக்கத்து இருக்கையில் விரித்துவைத்துக்கொண்டு புறப்பட்டாள். இரண்டு இடத்தில் வழி தவறினாள். ஆற்றுக்குக் கீழே போகும் சுரங்கப்பாதையில் வாகனங்கள் இருபது நிமிடம் அசையாமல் நின்றன. முன்னாலும் பின்னாலும் லொறிகள். கதவைத் திறந்துகொண்டு ஓடவேண்டும்போலிருந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டு இருந்தாள்.

தவநாயகி கதவைத் திறந்து, ஆளைக் கண்டு, பிள்ளையை அப்படியே அவளுடைய கையில் கொடுத்தாள். பிள்ளையைத் தோளில் போட்டபடி சுலோச்சனா குருமூர்த்தியின் வேலைத்தலத்துக்கு ரெலிபோன் எடுத்து, தான் அப்டன் பார்க்கில் நிற்பதாகச் சொன்னாள்.

அவன், “ஆறு மணிக்கு முதல் வந்திடுவீரோ?” என்று கேட்டான்.

“தெரியேல்லை” என்றாள். “றோட்டைப் பொறுத்து.”