பெனடிக்டின் குரலில் ஜூடு சொன்ன கதைகள்

கதை சொல்ல உட்கார்ந்தால் ஜூடுக்கு அப்பாவின் குரல் வந்துவிடும். சினிமாவில் வில்லனாக நடித்த அப்பா பெனடிக்டை அடக்கம் செய்த வாரமே இது ஆரம்பித்தது. கடையில் பால் பாக்கெட் கேட்கும்போது அவனுக்குச் சொந்தக் குரல்தான். மெலிசாக இருக்கும், கொஞ்சம் திக்கும். ஆனால் ஒரு சினிமாக் கதையைச் சொல்லத் தொடங்கினால், தமிழ்நாட்டையே மிரட்டிய அந்த வில்லன் குரல் கரகரவென்று இறங்கிவிடும். அவர்கள் குடியிருக்கும் ஞானஒளிவுபுரத்தில் இதை யாரும் அதிசயமாகப் பேசவில்லை. பெனடிக்ட் வீட்டில் பெனடிக்ட் பேசுகிறார், இதில் என்ன இருக்கிறது?

வினை வந்தது, சினிமாவுக்குக் கதை எழுத வாய்ப்புத் தேடி அவன் போன சென்னையில்தான். சினிமாவில் கதையைப் படிக்க மாட்டார்கள். எழுதிக் கொடுத்தால், "நேர்ல வந்து சொல்லுங்க தம்பி" என்பார்கள். சொன்னால், கண்ணை மூடிக்கொண்டு குரலைக் கேட்பார்கள். ஒரு தயாரிப்பாளர் தேம்பி அழுதார். இன்னொருவர், "அப்பா மாதிரி ஒருக்கா சிரிச்சுக் காட்டுங்க" என்றார். பிரியாணி வாங்கிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கதை என்னவென்று ஒருத்தருக்கும் தெரியாது. நல்ல கதைகள் ஐயா அவை! பத்து வருடம் இப்படியே வீணாய்ப் போனது.

வீட்டில் அவன் ஒத்திகை பார்க்கும்போது அம்மா எஸ்தர் பக்கத்து அறையில் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பார். மிஷன் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நடுவில், "காபிக்குச் சீனி போதுமாங்க?" என்பார். குரலும் கதையை நிறுத்தி, "போதும்" என்று சொல்லிவிட்டுத் தொடரும். ஜூடுக்கு எரிச்சலாக வரும். அம்மாவின் முகத்தைப் பார்த்தால் அடங்கிவிடுவான். அந்த ஒரு மணி நேரம் அவர் விதவை இல்லை.

போன வருடம் சுங்குடிச் சேலை வியாபாரி விஜய்ஆனந்துக்குப் படம் எடுக்கும் ஆசை வந்து, கதை கேட்க வீட்டுக்கே வந்தார். இதுவும் போனால் எழுதுவதையே விட்டுவிடுகிறேன் என்று ஜூடு அம்மாவிடம் சொல்லியிருந்தான். இரண்டாவது காட்சியிலேயே விஜய்ஆனந்த் கண்ணை மூடிவிட்டார். "அடடா, பெனடிக்ட் சாரேதான்! அண்ணே, கதை கெடக்கட்டும். அவரு படத்துல வர்ற அந்தக் கோர்ட்டு வசனத்த ஒருக்கா சொல்லுங்க."

ஜூடு எழுந்தே விட்டான். எஸ்தர் கீரைத் தட்டோடு வாசலில் வந்து நின்றார்.

"ஏங்க, இம்புட்டு நாள் பேசுனது போதும். சும்மா இருங்க. எம்புள்ள பேசட்டும்."

படத்தில் போலீசுக்கே அடங்காத மனுஷர், வீட்டில் எஸ்தர் பேச்சைத் தட்டியதே கிடையாது. "சரி எஸ்தரு" என்றது குரல். அப்புறம் ஜூடின் மெலிசுக் குரல் திக்கித் திக்கிக் கதையைத் தொடர்ந்தது. விஜய்ஆனந்த் கண்ணைத் திறந்தார். "இருங்கண்ணே, அந்தப் பொண்ணு ஏன் வீட்ட விட்டுப் போனா? மொதல்ல இருந்து சொல்லுங்க."

அந்தக் கதை படமாகி நன்றாக ஓடியது. திருமங்கலத்தில்கூட ஹவுஸ்ஃபுல். குரல் மட்டும் திரும்பவில்லை. எஸ்தருக்குச் சாப்பாடு குறைந்துபோனது. தாங்க மாட்டாமல் ஒரு சாயங்காலம் ஜூடு தொண்டையை இறுக்கி, அப்பாவைப் போலவே புதுக் கதை ஒன்றைச் சொல்லிப் பார்த்தான். எஸ்தர் சிரித்துவிட்டார். சிரிக்கும்போதே கண் நிறைந்தது.

"இது அவரு இல்லடா. நான்தான போகச் சொன்னேன், போயிட்டாரு. நீ உன் குரல்லயே சொல்லு. இத்தன வருசமா நானும் ஒன் கதைய ஒண்ணுகூட கேட்டதில்ல."