சேவ் ஆகாத கெட்டிமேளம்

"யோவ், இடிக்காதீங்கய்யா! இது அணைஞ்சா எங்க மச்சான் ஜெயிலுக்குப் போயிடுவான்!"

சாம்ப்ளரை மார்போடு அணைத்தபடி, நகர ஆரம்பித்துவிட்ட கடலூர் பஸ்ஸில் தாவி ஏறினான் இளவரசு. சின்னத் திரையில் பேட்டரிக் குறி மின்னியது. மிச்சம் ஒரே ஒரு கோடு.

"என்னப்பா அது, குண்டா?" என்றார் கண்டக்டர்.

"கச்சேரியில தட்டுற பேடுங்க. சத்தத்தப் புடிச்சு வெச்சுக்கும்."

"புடிச்சத எறக்கி வைக்க வேண்டியதுதான? கைப்புள்ள மாதிரி தூக்கினு வர்ற!"

இறக்கி வைக்க முடியாததுதானே பிரச்சினை!

காலையில் சிதம்பரத்தில் தூரத்து உறவில் கல்யாணம். கச்சேரிக்கு அசல் கெட்டிமேளம் வேண்டுமென்று, மணப்பெண் அறை வாசலில் நாற்காலிக்கடியில் சாம்ப்ளரை வைத்திருந்தான். சத்தம் ஏறியதும் தானாகப் பதிய ஆரம்பிக்கும்படி முடுக்கிவிட்டு, அட்சதை போட ஓடினான். தாலி ஏறிய ஐந்தாவது நிமிஷம் ஒரே அலறல். அந்த அறையில், பெண்ணின் ஆரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாட்டியது பழனிவேல். இளவரசுவின் தங்கை இலக்கியாவின் புருஷன்.

"திருப்பி வெக்கத்தான் வந்தேன்" என்றான். அப்படியானால் எடுத்தது யார்? அதற்குமேல் அவன் வாயே திறக்கவில்லை.

சாம்ப்ளரில் மூன்று நிமிஷம் பதிவாகியிருந்தது. ஆனால் மெமரி கார்டை வீட்டு லேப்டாப்பிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான் பாவி. கார்டு இல்லாமல் சேவ் ஆகாது. பேட்டரி மாற்ற ஒரு நொடி அணைத்தாலும் எல்லாம் போச்சு. கரண்ட் கொடுக்கும் அடாப்டரும், போட்டுக் கேட்க ஹெட்போனும் வீட்டில்தான்.

"அஞ்சு மணி வரைக்கும் பொறுக்கறேன். அப்புறம் எஃப்.ஐ.ஆர்.தான்" என்றிருந்தார் இன்ஸ்பெக்டர்.

ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. குறி இப்போது வேகமாக மின்னியது. வியர்வை வழிய போனை எடுத்தான். இலக்கியா தலைவலி என்று சாப்பிடாமல்கூட முன்னாடியே ஊர் திரும்பி, அவன் வீட்டில்தான் இருந்தாள்.

"ஏய், என் சாம்ப்ளர் அடாப்டர எடுத்து பிளக்ல சொருகி வை. பொண்ணு ரூம் வாசல்ல கேட்டதெல்லாம் அதுல பதிஞ்சிருக்கு. வந்துனே இருக்கேன்."

"அதுல என்னண்ணா இருக்கும்?"

"எவன் எடுத்தான்னு இருக்கும்!"

"விட்டுடேண்ணா" என்றாள்.

"பைத்தியமா உனக்கு? உள்ள ஒக்காந்திருக்கறது உன் புருஷன்டி!"

திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி, சந்து சந்தாக ஓடினான். திரை மங்கிக்கொண்டே வந்தது. வாசலில் இலக்கியா நின்றாள். அடாப்டர் வயர் அவள் கையிலேயே சுருண்டு கிடந்தது.

"சொருகலையா நீ?"

பிடுங்கினான். பிளக்கில் செருகினான். செத்துக்கொண்டிருந்த திரை பளிச்சென்று எழுந்தது. கார்டைச் சொருகி, சேவ் பட்டனை அழுத்தினான். பதிந்துவிட்டது. இனி கரண்ட் போனால்கூடக் கவலையில்லை.

"பொழச்சான்டி உன் புருஷன்!"

ஸ்பீக்கரைத் தட்டிவிட்டான். நாயனமும் தவிலும் வீட்டையே உலுக்கின. இலக்கியா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். மேளம் அடங்கியது. வளையல் சத்தம். விசும்பல். அப்புறம் பழனிவேலின் குரல், கிசுகிசுப்பாக:

"கொண்டா இப்படி. நான் வெச்சிடறேன். நீ மொத பஸ்ஸப் புடிச்சு ஊருக்குப் போ. அழுவாத... என்ன ஆனாலும் உன் பேரு வெளிய வராது, இலக்கியா."