கண்ணாவின் கார்டு

பெரிய அறிவாளி மெஷின் என்று சொல்லித்தான் அதை எங்கள் மும்பை தாராவி யார்டில் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்குக் கண் கிடையாது என்பதை மட்டும் எவனும் சொல்லவில்லை. எதிரே நிற்பது எந்த வண்டி என்று அதற்குத் தெரியாது. டிரைவர் காட்டுகிற கார்டைத்தான் தெரியும். கார்டு சொல்வதை அப்படியே நம்பிவிடும்.

என் பெயர் சஃப்ரீன். பார்சல் கம்பெனியின் பேட்டரி வண்டிகள், எல்லாம் மூணு சக்கரம், இங்கேதான் சார்ஜுக்கு வரும். ஸ்கிரீனைப் பார்த்துக்கொள்வது என் வேலை. யார்டுக்கு வருகிற கரண்ட் கொஞ்சம், வண்டிகள் நிறைய. அதனால் யாருக்கு முதலில், யாருக்கு வேகமாக, யாருக்கு மெதுவாக என்று மெஷினே பங்கு போட்டுக் கொடுக்கும். என் தம்பி ஆஷிக்கும் இங்கே டிரைவர்தான். வாப்பா மவுத்தான பிறகு அவனை வளர்த்தவள் நான். அவனைத் திட்டுகிற உரிமை எனக்கு ஒருத்திக்குத்தான் உண்டு, அதை நான் நன்றாகவே பயன்படுத்துவேன்.

நோன்பு தொடங்கிய வாரம் தண்ணீர்க் குழாய் உடைந்து ரோட்டில் முழங்கால் அளவு வெள்ளம். ஆஷிக்கின் வண்டி அதில் மாட்டிக்கொண்டு சாயங்காலம் வரை நின்றது. மறுநாள் செம்பூர் ஆபீஸிலிருந்து ஷ்யாமளா மேடம் வந்தார்.

"பேட்டரிக்குள்ளே ஜலம் போயிருக்கும் போலிருக்கு. புதுசு வர்ற வரைக்கும் இந்த வண்டிக்கு ரொம்ப மெதுவா, பாதிக்கு மேலே ஏறாதபடி செட் பண்ணியிருக்கேன். வேகமா ஏத்தினா பத்திண்டுடும், சஃப்ரீன்."

"அப்பம் அத ஓட்டவே வேண்டாம்னு சொல்லுங்களேன் மேடம்!"

"வேற வண்டி இல்லையேம்மா, நான் என்ன பண்ணட்டும்?" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தை யாரிடம் காட்ட?

அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம். ஆஷிக்குக்கோ பயமே இல்லை. பாதி சார்ஜில் பாதி டெலிவரிதான் ஓடும். மத்தியானம் திரும்பி வந்து, மெஷின் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறவரை காத்துக் கிடப்பான். நோன்பு களைப்பில் வண்டியின் பார்சல் பெட்டிக்குள் அட்டையை விரித்துப் படுத்துவிடுவான். வெளிச்சம் வராமல் கதவை உள்ளிருந்து கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொள்வான்.

"லே, அதுக்குள்ள படுக்காதன்னு எத்தன தடவ சொல்லுதேன்? ஒனக்குக் காது இருக்கா இல்லியா?"

"எறும்பு மாரி ஏறுது லாத்தா, அது என்ன செய்யப் போவுது? தண்ணியெல்லாம் வெயில்ல காஞ்சிருக்கும். டென்ஷன் மத் லே, பயப்படாத."

சாயங்காலம் நேரமாகிவிடும். எங்கேயோ சிக்னலில் ஒரு பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறப்பான். கல்யாணமான பிறகு வருகிற முதல் நோன்பு. வீட்டில் அவன் பெண்டாட்டி அஃப்ஷா கஞ்சியை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எங்கள் டிரைவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கேஸ் வண்டி ஓடிய காலத்திலிருந்தே, நோன்பு மாதத்தில் பம்ப் வரிசையில் நோன்பாளிக்கு மற்றவர்கள் இடம் விட்டுவிடுவார்கள். இந்து டிரைவர்கள்தான் அதில் முன்னால் நிற்பார்கள். ஒரு பேச்சு கிடையாது, கையைக் காட்டி முன்னே போகச் சொல்வார்கள். இந்த மெஷின் வந்ததும் வரிசையே போய்விட்டது. யார் யாருக்கு இடம் விடுவது? அதில் ஆஷிக்கைவிட அவன் சிநேகிதன், டிரைவர் கண்ணாவுக்குத்தான் வருத்தம் அதிகம்.

அந்த வெள்ளிக்கிழமை நல்ல வெயில். ஜும்மா முடிந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஸ்கிரீனில் கடைசி பாயிண்ட்டில் கண்ணாவின் வண்டி முழு வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. எல்லாம் பச்சை. ஆஷிக் இன்னும் வரவில்லை போலிருக்கிறது, நல்லது, தூங்காமல் இருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது போன் வந்தது. கண்ணா.

"யக்கா, செம்பூர்ல ஒரு பில்டிங்ல மாட்டிக்கிட்டேன். லிஃப்ட் பந்த், ஓடல. வர லேட்டாவும்னு ஆபீஸ்ல சொல்லிருங்க."

"என்னலே வெளையாடுத? ஒன் வண்டி இங்க சார்ஜுல்லா நிக்கி?"

அவன் சிரித்தான். "அது நம்ம ஆஷிக்கு. காலைலயே என் கார்ட அவன்ட்ட குடுத்துட்டேன். இன்னைக்காவது வீட்டுல போயி நோன்பு தொறக்கட்டும்க்கா. அந்த மெஷின் அவன மட்டும் இழுத்தடிக்குல்லா?"

போனைக் கையில் பிடித்தபடியே ஓடினேன். மெயின் சுவிட்சை அணைத்தேன், வயரைப் பிடுங்கி எறிந்தேன். வண்டியிலிருந்து வந்த சத்தம் நிற்கவில்லை. விசில் வருவதற்கு முன் குக்கர் சீறுமே, அப்படி ஒரு சீறல் வண்டிக்கு அடியிலிருந்து வந்துகொண்டே இருந்தது. கரண்டை நிறுத்தினால் அது நின்றுவிடும் என்று நினைத்தேனே, அல்லாஹ்!

பெட்டிக் கதவை இரண்டு கையாலும் அடித்தேன். "லே ஆஷிக்! எழும்புலே! வெளிய வாலே!"

"என்ன லாத்தா..." உள்ளிருந்து தூக்கக் கலக்கத்தில் குரல்.

"கயித்த அவுருலே, தீப்பிடிக்கப் போவுது!"

"இரு, அவுக்கேன்."

அவன் அவிழ்க்கிற சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு அடியிலிருந்து வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பியது, இருமல் கேட்டது, பிறகு வெடித்தது. அப்ரார் என்ற டிரைவர் என்னை இடுப்போடு தூக்கிக்கொண்டு ஓடினான். அவன் கையைக் கடித்தேன், விடவில்லை. யார் யாரோ வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். நெருப்பு அடங்கவே இல்லை. உள்ளிருந்து குரல் வரவில்லை.

என்னைக் கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். என் கையில் போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஊரையே திட்டுகிற வாய் என்னுடையது. கண்ணாவைத் திட்டுவதற்கு ஒரு சொல்லைத் தேடினேன், கிடைக்கவில்லை.

"யக்கா, லைன்ல இருக்கீங்களா? என்ன ஒரே சத்தமா இருக்கு?" என்றான்.

"ஆஷிக் வீட்டுக்குக் கெளம்பிட்டானாக்கா?" என்று கேட்டான்.