அம்முலுவைத் தூக்க வரிசை

1.

இந்தக் கதை நான் பாதியில் விட்ட ஒரு பேச்சிலிருந்து பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் எனக்கும் பாரம் குறையும். 2021 ஜூன் மாதம், ஒரு ஆராய்ச்சிக்காகக் காவாந்தண்டலம் கிராமத்தில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். என் பெயர் ஸ்ரீகாந்த், லேப் டெக்னீஷியன், உத்திரமேரூர்க்காரன். நூறு நாள் வேலைக்குப் போகிற கனகா அக்கா ஊசியைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார். பயம் தெரியாமல் இருக்கட்டும் என்று பேச்சுக் கொடுத்தேன்.

"சாதாரண சளியிலயும் கொரோனா வகையறா நாலு கீதுக்கா. அது வந்து போனவங்க ரத்தத்துல எதிர்ப்பொருள், அதான் ஆன்டிபாடி, இருக்கும். அது இந்தப் புதுசையும் கொஞ்சம் அடையாளம் கண்டுக்கும்."

'ஆனா' என்று ஆரம்பிக்கிற இன்னொரு வாக்கியம் பாக்கி இருந்தது. அதற்குள் ரத்தம் எடுத்து முடித்திருந்தேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன்.

2.

இந்தக் கதைக்கு நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: "ஏரிப் பக்கமிருந்து வீசிய காற்றில் நோயின் வாசனை கலந்தி—"

(அன்றைக்குக் காற்றே இல்லை. அடித்ததெல்லாம் என் கையுறைக்குள் இருந்த வியர்வை வாடை.)

இரண்டாம் தொடக்கம்: "அறிவியலுக்கும் அறியாமைக்கும் நடுவே ஒரு கிராமம்—"

(இதை எழுதியவனை நாலு சாத்து சாத்த வேண்டும். அறியாமை யாருடையது என்பது இதோ தெரிந்துவிடும்.)

மூன்றாவது: நாலாம் நாள் காலையில் அங்கன்வாடி டீச்சர் தேவயானி போன் செய்தார்.

"தம்பி, கனகாவாண்ட இன்னா சொல்லிட்டுப் போன? நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளைங்க எல்லாம் அம்முலுவ தூக்கிக்கினு சுத்துறாங்க."

அம்முலுவுக்கு மூன்று வயது. வருடம் முழுக்க மூக்கு ஒழுகுவதில் கனகா அக்கா தெருவில் அவளை அடிக்க ஆள் கிடையாது.

"எதுக்கு டீச்சர்?"

"சளி புடிக்கத்தான்! சளி வந்தா கொரோனா வராதுன்னு நீ சொன்னியாமே? வரிச கட்டி நிக்கிறாங்க. அவ அம்மா ஆளுக்குப் பத்து நிமிஷம்னு டைம் வச்சிட்டா."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"வியாழக்கிழம ஸ்கூல்ல தடுப்பூசி கேம்ப். கனகா வர மாட்டேன்றா. அவளுக்குச் சக்கர இருநூத்தி எண்பது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா யார் பதில் சொல்றது? அவ வரலன்னா அந்தத் தெருவே வராது."

3.

கனகா அக்காவை எழுதுவதில்தான் எனக்குச் சிக்கல். முதல் வரைவில் அவரை வெகுளியாக்கினேன். இரண்டாவதில் பிடிவாதக்காரியாக்கினேன். இரண்டுமே எனக்கு வசதி, பழி என் மேல் விழாது.

நடந்தது வேறு. அவருடைய தங்கை கொரோனா வந்து வாலாஜாபாத் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் ஆக்சிஜனில் இருந்துவிட்டுத் திரும்பியவள். அதைப் பார்த்த பயத்தில் இருந்தவரிடம், கையுறை மாட்டிய ஒருவன் வந்து ஏதோ சொன்னான். நம்பினார். இதில் வெகுளித்தனம் எங்கே இருக்கிறது? இதை எழுதும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.*

* அன்றைக்கு விட்டுப்போன வாக்கியம் இது: ஆனால் ஒட்டுவது வேறு, தடுப்பது வேறு. சளி தந்த எதிர்ப்பொருள் புதிய கிருமியின் சில பாகங்களில் ஒட்டினாலும், பெரும்பாலான சோதனைகளில் அதைப் பெரிதாகத் தடுத்து நிறுத்தவில்லை. வேறு விதத்தில் கொஞ்சம் உதவுமா என்பதில் ஆராய்ச்சிக்காரர்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. (சொல்ல அரை நிமிஷம்கூட ஆகாது.)

4.

முடிவு அ: நான் உரையாற்றுகிறேன், ஊரே கைதட்டுகிறது. (என்னைத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.)

முடிவு ஆ: கனகா அக்கா கேம்ப்புக்கு வரவில்லை. பத்தாம் நாள் தெருமுனையில் ஆம்புலன்—

வேண்டாம். எனக்குப் புத்தி வருவதற்காக அவரைப் படுக்க வைக்க மாட்டேன்.

5.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் தேவயானி டீச்சர் ஒரு பெஞ்சைக் காட்டி, "ஏறிச் சொல்லு" என்றார். ஏறினேன். கீழே அந்தத் தெருப் பெண்கள், முன்னால் கனகா அக்கா, அவர் இடுப்பில் அம்முலு.

"நான் அன்னிக்குப் பாதிதான் சொன்னேன். தப்பு என்னோடது" என்று ஆரம்பித்து, மேலே நட்சத்திரக் குறி போட்டதை அப்படியே சொன்னேன்.

"அப்ப நாலு நாளா இவளத் தூக்கினது?" என்றார் கனகா அக்கா. "ஒரு தும்மலு வரல நைனா. இடுப்புதான் புடிச்சிக்கினுது."

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்த ஊசி போட்டா மட்டும் வராதா?"

"வரவே வராதுன்னு சொல்ல மாட்டேன்க்கா. வந்தாலும் ஆஸ்பத்திரியில படுக்கிற அளவுக்குப் போற ஆபத்து நல்லா கொறையும். கை வலிக்கும், ஒரு நாள் ரெண்டு நாள் ஜுரம் வரலாம். பெருசா ஏதாவது ஆகறது ரொம்ப அபூர்வம். சக்கர இருக்கிறவங்களுக்குத்தான் முக்கியமாப் போடச் சொல்றாங்க."

"இது முழுசா?"

"எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் முழுசு."

நர்ஸ் அவர் பெயரைக் கூப்பிட்டார். கனகா அக்கா நாற்காலியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பின்னால் மொத்தத் தெருவும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

இங்கே நான் நிறுத்திக்கொள்கிறேன். இனி ஒரு அடிகூட அவரை நான் நகர்த்த மாட்டேன். என் பாதிப் பேச்சை நம்பி அந்தத் தெருவே அம்முலுவைத் தூக்கியது உங்களுக்கே தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். அதனால் கனகா அக்கா அம்முலுவை உங்கள் மடியில் உட்கார வைத்துவிட்டு உங்களிடமே கேட்கிறார்:

"நீ சொல்லு, போட்டுக்கவா?"

நர்ஸ் காத்திருக்கிறார். எதைச் சொன்னாலும், பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.