பக்கத்து இருக்கையின் பேச்சு

மாமா அவள் கையைப் பிடித்து விரித்து, நகத்தளவே இருந்த அந்த மெமரி கார்டை வைத்து, ஒவ்வொரு விரலாக மூடிவிட்டார். சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கத்தான் இடம். இரண்டு பேர் நின்றார்கள்.

“வண்டி கேமராவுல இருந்தது. ரோடும் தெரியும், உள்ள உக்காந்திருக்கறவங்களும் தெரியும். பேச்சும் கேக்கும்.”

“நீங்க பாத்தீங்களா மாமா?”

மாமா சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். அவர் கார் மெக்கானிக். நொறுங்கிய வண்டியை நேற்று இழுத்துக்கொண்டு போனவரும் அவர்தான். நகக்கண்ணில் இன்னும் கிரீஸ் இருந்தது.

“ரெண்டு மணிக்கு போலீஸ்காரர் உன்கிட்ட விசாரிக்க வரார். கேமரா ஒடஞ்சுபோச்சுன்னு நான் சொல்லிக்கறேன். நீ இதை ரெண்டா ஒடச்சு டாய்லெட்ல போட்டுத் தண்ணிய ஊத்திடு. போனவரு போய்ட்டாரு. எங்கக்காவுக்கு இருக்கறது நீ ஒருத்தி.”

அப்போது மணி ஒன்றேகால்.

வீட்டில் அவளைக் குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வயது, லைசென்ஸ் வாங்கி நாலு மாதம். நேற்றுக் காலை அவள் ஓட்டிய வண்டியில், பக்கத்து இருக்கையில் இருந்த அப்பா இறந்துபோனார். அவளுக்கோ நெற்றியில் ஒரு கீறல், தோளில் பெல்ட் அழுத்திய தடம். மருத்துவமனை வாசலில் மாமா ஓடி வந்து, “ஏதாச்சும் குறுக்க வந்துச்சா? நாயா?” என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். செய்தது அவ்வளவுதான். ராத்திரிக்குள் நாய்க்கு நிறம் வந்துவிட்டது. இன்று காலை, உடல் வரக் காத்திருந்த கூடத்தில் ஒரு சித்தப்பா அது செவலை நாய் என்றும், தெருநாய்களை யாரும் பிடிப்பதில்லை என்றும் நாற்காலியில் சாய்ந்தபடி விளக்கிக்கொண்டிருந்தார்.

“பிள்ளை போனைத் தொடவே இல்லையாம். பையிலயே இருந்துச்சாம். போலீஸே சொல்லிட்டாங்க” என்றாள் அவர் மனைவி.

அது நிஜம். போன் பையில்தான் இருந்தது.

கூடத்தைக் கடக்காமல் குளியலறைக்குப் போக வழியில்லை. அம்மா சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். தைத்துக் கொடுக்க வாங்கி இன்னும் முடிக்காத யாருடைய சட்டையோ மடியில் கிடந்தது. எடுத்து ஓரமாக வைக்க ஒருவருக்கும் துணிவில்லை. நேற்றிலிருந்து அம்மா அழுததைவிட விசாரித்ததுதான் அதிகம். ஆம்புலன்ஸ் ஓட்டியவரைக் கேட்டாள், நர்ஸைக் கேட்டாள். எல்லோரிடமும் ஒரே கேள்வி.

“குட்டி, இங்க வா. கடைசியா என்னதான் சொன்னாரு?”

“தூங்கிட்டிருந்தாரும்மா. நேத்தே சொன்னேனே.”

“அவராவது வண்டியில தூங்கறதாவது. இருபது வருஷமா பக்கத்துல உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாதா? வாய் மூடவே மூடாதே.” அம்மா அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். “ஒரு வார்த்தை கூடவா ஞாபகம் இல்ல?”

“இல்லம்மா.”

இதுவும் நிஜம்தான். அவள் காதில் வாங்கியிருந்தால்தானே ஞாபகம் இருக்கும்?

குளியலறைக் கதவைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, கார்டை இரண்டு கட்டைவிரல்களுக்கும் நடுவில் பிடித்தாள். ஒரு அழுத்து அழுத்தினால் போதும். அவள் அழுத்தவில்லை.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். கயிறு அறுந்தாலும் பெட்டி கீழே விழாமல் பிடித்துக்கொள்ளும் பிரேக்கைப் பற்றி விருந்தாளிகளுக்குக் கூட வகுப்பெடுப்பார். மிஷின் மனுஷனைக் கைவிடாது என்பது அவருடைய நம்பிக்கை. மகள் ஓட்டப் போகிறாள் என்றுதான் ஆறு வாரத்துக்கு முன் பழைய காரைத் தள்ளிவிட்டு இதை வாங்கினார். எதிரே ஏதாவது வந்தால் தானே பிரேக் போடும், கோடு தாண்டினால் பீப் அடிக்கும், ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இழுத்தும் விடும். “நீ கண்ணசந்தாலும் அது முழிச்சிருக்கும் டிரைவரம்மா” என்பார்.

பழைய கார் ஒரு கிழட்டு எருமை. கையைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், ஒரு பக்கமாகப் போகும். அதனால் அவள் கை தளர்ந்ததே இல்லை. ஏசியைக் குறைக்க வேண்டுமென்றால் கண் ரோட்டில் இருக்கும்போதே விரல் குமிழைத் திருகிவிடும். புதிய வண்டியில் குமிழ் என்று ஒன்றுமே கிடையாது. சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஒரு திரை, அவ்வளவுதான். எதற்கும் அதைப் பார்க்க வேண்டும், தொட வேண்டும், உள்ளே போய்த் தேட வேண்டும். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும் வண்டியில் அவளுக்கு ஓட்டுகிற உணர்வே போய்விட்டது. அதுதான் பார்த்துக்கொள்கிறதே, நாம் எதற்கு என்று தோன்ற ஆரம்பித்து ஒரு மாதமாகியிருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கதவு தட்டப்பட்டது.

“குட்டி, எவ்வளவு நேரம் தண்ணிய விடுவ? கதவத் திற.”

அம்மா. குட்டி குழாயை மூடினாள். இப்போது அழுத்தினால் உடைந்துவிடும். உடைந்தால் நாய் நாயாகவே இருக்கும், அம்மா அம்மாவாகவே இருப்பாள். ஆனால் அப்பா என்ன சொன்னார் என்று அம்மா சாகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருப்பாள். குட்டி தாழ்ப்பாளை நீக்கி, கையை நீட்டினாள்.

“அப்பா பேசினது இதுல இருக்கும்மா. நான் அப்போ காதுல வாங்கல. தூங்கினாருன்னு பொய் சொன்னேன்.”

அம்மா கார்டைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். படுக்கையறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

குட்டியின் லேப்டாப்பில் கார்டைச் செருகினார்கள். கோப்புகள் வரிசையாக வந்தன. கடைசிக் கோப்பின் மேல் குட்டி விரலை வைத்ததும் அம்மா சட்டென்று கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

“படம் வேணாம். என்னால பாக்க முடியாது. குரல் மட்டும் போடு.”

தப்பிக்க இதைவிட நல்ல வழி வேண்டுமா? திரையைச் சற்று திருப்பி வைத்தால் போதும். வாசலில் பைக் வந்து நிற்கும் சத்தமும், “போலீஸ்காரர் வந்துட்டார்” என்று மாமா யாரிடமோ சொல்வதும் கேட்டன.

“படத்தையும் பாரும்மா” என்றாள் குட்டி. “நீ பாத்துதான் ஆகணும்.”

படத்தில் அப்பா பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“... உங்கம்மா ஊசியில நூல் கோக்க என்னைத்தான் கூப்பிடறா. விரல் வலிக்குதாம். விரலுக்கு என்ன வந்துச்சு, கண்ணு தெரியல, அதான் விஷயம். நானும் தெரியாத மாதிரி கோத்துக் குடுக்கறேன். கேக்கறியா?”

“ம்.”

“நான் சொன்னா கோச்சுக்குவா. நீ கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. உனக்கு செக் பண்ணணும்னு கூட்டிட்டுப் போய், அவளையும் உக்கார வெச்சுடு. என்ன?”

“ம்.”

பீப், பீப் என்றது வண்டி. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார். “அவ ஒரு சட்டையில பட்டன் மாத்தித் தெச்சுட்டா, அன்னைக்கு ஒரே கூத்து...”

மறுபடி பீப். படத்தில் குட்டியின் தலை குனிந்தே இருந்தது. ஒரு கை ஸ்டியரிங்கில், இன்னொரு கை திரையில். தொட்டாள், தள்ளினாள், தொட்டாள். அப்பா பேசிக்கொண்டே இருந்தார்.

அம்மா படத்தை நிறுத்தினாள்.

“நாய் இல்லையா?”

“இல்ல. ஓரமா நின்ன லாரியில நான்தான் கொண்டுபோய் இடிச்சேன்.”

“என்ன தேடற அதுல?”

“அந்த பீப் சத்தத்த நிறுத்தற எடத்த.”

அம்மா திட்டியிருக்கலாம், ஒரு அறை விட்டிருக்கலாம். அதற்காகவே குட்டி கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

“கிடச்சுதா?”

“கிடச்சுதும்மா. தானா போடற பிரேக்கும் அதோட சேந்து அணஞ்சுடுச்சு.”

கதவு திறந்தது. மாமா முகம் வெளிறி நின்றார். அவருக்குப் பின்னால் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கியபடி போலீஸ்காரர்.

“தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. பொண்ணுகிட்ட ரெண்டு வார்த்தை கேக்கணும்.”

“அவ சொல்லுவா. எல்லாத்தையும் சொல்லுவா” என்றாள் அம்மா, திரும்பாமலே. “கொஞ்சம் வெளிய இருங்க. அவரு இன்னும் பேசி முடிக்கல.”

மாமா கதவைச் சாத்தினார். அம்மா கோப்பை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டு, முகத்தைத் திரையோடு ஒட்டினாற்போல் வைத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.