சாவி என் கழுத்தில் இருந்த மூன்று நாட்கள்

என் கணவர் அரசு மருந்துக் கிடங்கில் குளிரறை மெக்கானிக். நான் நகராட்சி மருத்துவமனையில் நர்ஸ். எங்களோடு இருந்த என் தம்பி அமெரிக்கத் தகவல் அலுவலகத்தில் டிரைவர்.

உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்த காலம் அது. எங்கள் வீட்டுக் கூடமும் அப்படித்தான். கணவர் தொழிற்சங்கத்துக்காரர், சோவியத் என்றால் உயிரை விடுவார். தம்பியோ அமெரிக்கப் பத்திரிகைப் படங்களைக் கத்தரித்துச் சுவரெல்லாம் ஒட்டி வைத்திருந்தான். யாருடைய ராக்கெட் பெரிது என்று ஆரம்பித்த பேச்சு ஒருநாள் கைகலப்பில் முடிந்தது. அதற்குப் பிறகு இருவரும் நேராகப் பேசிக்கொள்வதில்லை.

"உன் தம்பிய ஃபேனைக் குறைக்கச் சொல்லு."

"அக்கா, மாமாவுக்கு வேர்க்கவே வேர்க்காதான்னு கேளு."

நடுவில் நான் தபால்காரி.

அந்த வருஷம் ஊரில் போலியோ பரவியது. முதல் வாரத்திலேயே எங்கள் வார்டுக்கு ஒன்பது குழந்தைகள். எதிர்வீட்டுத் தையல்காரரின் மகன் காலையில் தெருவில் ஓடினான். மறுநாள் அவனால் காலை ஊன்ற முடியவில்லை. என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. அவள் தூங்கும்போதெல்லாம் உள்ளங்காலைச் சுரண்டிப் பார்ப்பேன். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டால்தான் எனக்கு மூச்சு வரும்.

அந்தச் சமயத்தில்தான் சோவியத் கப்பலில் சொட்டு மருந்து வந்தது. கூடவே ஒரு பெண் டாக்டரும் வந்தார். நெட்டையாக இருப்பார்; கையில் ஆண்கள் கட்டும் கடிகாரம். எங்கள் மொழியைப் புத்தகத்தில் படித்துக் கற்றவர். "தயவுசெய்து அமரவும்" என்றுதான் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்து கொடுப்பதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை காலை கிடங்கின் குளிர் இயந்திரம் நின்றுவிட்டது. நானும் டாக்டரும் ஓடிப்போய்ப் பார்த்தபோது கணவர் முழங்கை வரை கிரீஸோடு உட்கார்ந்திருந்தார்.

"மோட்டார் எரிஞ்சு போச்சு. புதுசா செம்புக் கம்பி சுத்தி மாட்ட மூணு நாள் ஆகும்."

"அதுவரைக்கும் மருந்து?"

"ஐஸ் போட்டா மத்தியானம் வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல அது வெறும் தண்ணிதான்."

"பெரிய உறைபெட்டி இந்நகரில் எங்குள்ளது?" என்று டாக்டர் கேட்டார்.

கணவர் தரையைப் பார்த்தார். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அமெரிக்க அலுவலகத்தின் பின்கட்டுச் சமையலறையில் நான்கு பெரிய ஃப்ரீசர்கள் இருப்பதைத் தம்பி எத்தனையோ தடவை பெருமையடித்திருக்கிறான்.

"நான் போய்க் கேக்க மாட்டேன்" என்றார். கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே, "நீ கேட்டுப் பாரு" என்றார்.

யூனிஃபார்மோடு அப்படியே போனேன். அங்கிருந்த அதிகாரி ஒல்லியான மனிதர். நான் சொன்னதைத் தம்பி ஆங்கிலத்தில் சொல்ல, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார். மேலிடத்தில் அனுமதி கேட்டால் பதில் வர ஒரு வாரமாகும், அதுவும் என்ன பதிலென்று தனக்குத் தெரியும் என்றார். கதை முடிந்தது என்று நான் எழுந்துவிட்டேன்.

அவர் ஏதோ கேட்டார். தம்பி என் பக்கம் திரும்பினான்.

"எத்தனை பெட்டின்னு கேக்குறாருக்கா."

"நாப்பது."

"ஃப்ரீசரைக் காலி பண்ண அரை மணி நேரம் போதுமாம்." சொல்லிவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினான்.

பெட்டிகள் வந்து சேர்ந்ததும் புது வில்லங்கம். ஃப்ரீசருக்குத் தன் பூட்டைத்தான் போடுவேன் என்றார் டாக்டர். என் கட்டடத்தில் வேறு நாட்டுப் பூட்டா என்றார் அதிகாரி. மருந்தில் ஏதாவது கலந்துவிடுவார்களோ என்று டாக்டருக்குப் பயம். கெட்டுப்போனால் பழி தன் தலையில் விழுமே என்று அதிகாரிக்குப் பயம். இருவரும் ஆங்கிலத்தில் மரியாதையாக முறைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"பெட்டியிலேர்ந்து தண்ணி சொட்டுது, பாருங்க! பூட்டு யாருடையதா இருந்தா என்ன? பூட்டிட்டு சாவியை என்கிட்ட குடுங்க. நான் உங்க ரெண்டு பேர் கட்சியும் இல்லை."

தம்பி பயந்துபோய் அதை மொழிபெயர்க்காமல் நின்றான். ஆனால் டாக்டருக்குப் புரிந்துவிட்டது. முதலில் சிரித்தது அவர்தான். பிறகு அதிகாரியிடம், "இந்த மருந்துக்கு வித்தான கிருமியைக் கொடுத்தவர் உங்கள் நாட்டு விஞ்ஞானி. நாங்கள் வளர்த்தோம், அவ்வளவே" என்றார். அதிகாரி தனக்கும் அது தெரியும் என்று தலையாட்டினார்.

சாவியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். காலையும் மாலையும் போய்த் திறந்து வெப்பமானியைப் பார்ப்பேன். அந்த நேரத்துக்குச் சரியாக இருவரும் வந்துவிடுவார்கள், ஒருவரை ஒருவர் கண்காணிக்க. இரண்டாம் நாள் அதிகாரி டாக்டருக்குக் காபி கொடுத்தார். டாக்டர் கோப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குடித்தார்.

கிடங்கில் கணவர் சோறு தண்ணி இல்லாமல் மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். செம்புக் கம்பி போதவில்லை. தம்பி தானாகவே ஊரெல்லாம் அலைந்து வாங்கி வந்தான். சனிக்கிழமை மதியம் ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கும் மறு கையில் தண்ணீர்ச் செம்புமாகப் போனேன். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது.

"மச்சான், அந்த முனையைக் கெட்டியா பிடி."

"பிடிச்சிருக்கேன் மாமா."

நான் உள்ளே போகவில்லை. என்னைக் கண்டால் அந்தப் பேச்சு நின்றுவிடுமோ என்று வாசலிலேயே தூக்கோடு நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்க ஒரு கை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் குளிரறை ஓடத் தொடங்கியது. மருத்துவமனை வாசலிலிருந்து தெருமுனை வரை வரிசை. என் மகளுக்கு நானே விட்டேன். அவள் முகத்தைத் திருப்பியதில் முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. மறுபடி விடச் சொன்னார் டாக்டர்.

பத்து மணிக்கு அந்த அதிகாரி மனைவியோடும் மூன்று வயது மகனோடும் வந்தார். முன்னால் போகச் சொல்லி ஜனங்கள் வழிவிட்டும் கேட்கவில்லை, வரிசையிலேயே நின்றார். அவர் முறை வந்ததும் டாக்டர் என் கையிலிருந்த சொட்டுக்குழாயை வாங்கிக்கொண்டார். பையன் நாக்கை நீட்டினான். அதிகாரி அவருக்கு நன்றி சொன்னார்.

"நன்றி தேவையில்லை. அடுத்த குழந்தை வரவும்" என்றார் டாக்டர், எங்கள் மொழியிலேயே. முகம் மட்டும் சிவந்திருந்தது.

ஆறு வாரம் கழித்து இரண்டாம் தவணையும் கொடுத்தோம். அதற்குப் பிறகு எங்கள் வார்டுக்குப் புதிதாக ஒரு குழந்தையும் வரவில்லை. தையல்காரர் மகனுக்குத்தான் மருந்து பிந்திவிட்டது. இரும்புப் பட்டை கட்டிய காலோடு நடந்தான். அந்த வருத்தம் எனக்குப் போகவே இல்லை. அதிகாரிக்கு மேலிடத்திலிருந்து கண்டனக் கடிதம் வந்ததாகவும், அதை அவர் மேஜை டிராயரில் போட்டு மூடிவிட்டதாகவும் தம்பி சொன்னான். வருஷ முடிவில் அவரை மாற்றிவிட்டார்கள்.

டாக்டர் அவருக்கு முன்பே கிளம்பினார். துறைமுகத்துக்கு நாங்கள் மூவரும் மகளைத் தூக்கிக்கொண்டு போனோம். சொல்ல வேண்டியதையெல்லாம் வழியிலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவரைக் கண்டதும் அதை விட்டுவிட்டு மகளைத்தான் அவர் பக்கம் நீட்டினேன். கணவர்தான், "எங்க பிள்ளைங்க எல்லாம் உங்களை மறக்க மாட்டாங்கம்மா" என்றார்.

"பிள்ளைகள் மறந்துவிடட்டும்" என்றார் டாக்டர். "இப்படி ஒரு நோய் இருந்ததையே அவர்கள் மறக்கட்டும்."

பிறகு மகளின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் படியேறிப் போனார். கப்பல் கண்ணை விட்டு மறையும் வரை நாங்கள் அங்கேயே நின்றோம்.