மூன்றாம் நிலை

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்ததிலிருந்து அவள் மகளின் கால்களை நீவிவிட்டபடியே இருந்தாள். ஆடை கம்பெனியில் இஸ்திரி போடுகிறவள், உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. மகளுக்கு ஏழு வயது, வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள். கெண்டைக்கால் இரண்டும் முறுக்கின கயிறு மாதிரி இறுகிக் கிடக்கும். தினமும் காலையில் ஒரு மணி நேரம் நீவினால்தான் குதிகால் தரையைத் தொடும்.

பக்கத்தில் ஒரு லாரி டிரைவர். அவர் மடியில் இருந்த மகனின் கைகள் தம்பாட்டுக்கு நெளிந்துகொண்டிருந்தன.

"உங்க பொண்ணுக்கு எந்த வகைம்மா?"

"தசை இறுக்கம்னாங்கண்ணே. ரெண்டு காலும், இடது கையும்."

"இவனுக்கு இறுக்கம் இல்ல, ஆட்டம். தூங்குறப்ப மட்டுந்தான் கை சும்மா இருக்கும். இவனுக்கு அஞ்சாம் நிலை நிச்சயம்." பரீட்சையில் பாஸான மாதிரி சொல்லிவிட்டு டிரைவர் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

பகல் காப்பகத்தில், பிடித்துக்கொண்டும் நடக்க முடியாத நான்காம், ஐந்தாம் நிலைப் பிள்ளைகளுக்குத்தான் இடம்; எந்த நிலை என்று டாக்டர் சீட்டு எழுதித் தரவேண்டும். இதுவரை வாலுவைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா போன மாதம் வீடு மாறிவிட்டாள். திங்கட்கிழமை வராவிட்டால் மேசையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சூப்பர்வைசர் சொல்லியாயிற்று.

"ஏம்மா, இங்க வந்துமா அமுக்கணும்? இன்னைக்கு ஒரு நாள் விடக் கூடாதா?" என்றார் டிரைவர்.

"அய்யோ, வலிக்குமேண்ணே. ராத்திரியெல்லாம் அழுவா."

உள்ளே டாக்டர் முட்டியை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். பிறகு நடைவண்டியை முன்னால் நகர்த்தினார். "பிடிச்சுக்கிட்டு எங்கிட்ட வா பாப்பா."

வாலு பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். ஓர் அடி. இன்னொன்று. இரண்டு அடிக்கு மேல் அவள் வைத்ததே கிடையாது. இன்று ஆறு அடி வைத்தாள்.

"என் தங்கமே!" என்று அம்மா கைதட்டிவிட்டாள்.

டாக்டரும் சிரித்தார். "நல்லா உழைச்சிருக்கீங்கம்மா." குனிந்து சீட்டில் எழுதினார். "பிடிச்சுக்கிட்டு நடக்குறா. மூணாம் நிலை."

அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"டாக்டர், வெளியில ரெண்டு மணி நேரம் நீவிவிட்டேன், அதான். இல்லன்னா நிக்கவே மாட்டா. கக்கூசுக்குக்கூட நான்தான் தூக்கிட்டுப் போறேன்."

"கண்ணால பாத்ததைத்தானேம்மா எழுத முடியும்? ஆறு மாசம் கழிச்சு வாங்க, திரும்பப் பாக்கலாம்."

வாலு ஒவ்வொரு சொல்லாக இழுத்துக் கேட்டாள். "அம்மா... நா... நடந்தேன்ல?"

"நடந்தடி கண்ணு. சூப்பரா நடந்த."

அந்த ஆறு அடிகள்மீது அம்மாவுக்கு வந்த கோபம், அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

லிஃப்ட் வாசலில் ஆள் கையை நீட்டினான். சீட்டைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான்.

"நாலு, அஞ்சுக்குத்தான் லிஃப்ட். மூணுன்னா படிதான்மா."

"ஏறும்போது விட்டீங்களே?"

"அப்ப உங்ககிட்ட சீட்டு இல்லையே."

வாலுவின் குதிகால் அதற்குள் மேலே தூக்கிக்கொண்டிருந்தது. அவள் சீட்டைப் பல்லில் கவ்விக்கொண்டு, மகளை இடுப்பில் ஏற்றி, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, நான்கு மாடிப் படிகளை ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கினாள்.